பேண்டா சேர்ந்து புது பாட்டு எழுதி ரெக்கார்ட் பண்றது எப்படி

பாட்டு எங்கேர்ந்து வேணா ஆரம்பிக்கலாம், ராக்ல பெரும்பாலும் ஒரு கிட்டார் ரிஃப் தான், அதாவது திரும்பத் திரும்ப வர்ற ஒரு சின்ன கிட்டார் துண்டு, 4 பார் (1-2-3-4னு எண்ற ஒரு சுத்து ஒரு பார்) இருந்தாலே போதும். வந்த உடனே ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, நாளைக்கு ஞாபகம் இருக்கும்னு நான் விட்ட ரிஃப் எதுவுமே திரும்ப கிடைச்சதில்ல.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து அந்த ரிஃபையே ஒரு கால் மணி நேரம் பேசாம சுத்தி சுத்தி வாசிங்க. ட்ரம்மர் கிட்ட சொல்லி ஸ்னேர, அதான் நடுவுல பளீர்னு கேக்குற ட்ரம்ம, ஒவ்வொரு பார்லயும் 2வது, 4வது எண்ணிக்கைல அடிக்காம 3ல மட்டும் அடிக்க சொல்லுங்க, வேகம் மாறாமலே பாட்டு பாதி வேகத்துல போற மாதிரி கனமா ஆயிடும். வெர்ஸ்க்கு (சரணம்) ஒரு அடி, கோரஸ்க்கு (திரும்ப வர்ற பல்லவி) இன்னொரு அடின்னு பிரிச்சுக்கலாம்.

வரிகளுக்கு அவசரப்படாதீங்க, பாடுறவங்க முதல்ல தத்தகாரத்துல மெட்ட பிடிக்கட்டும். வார்த்தை போடும்போது கோரஸ்ல நீட்டி பாடுற இடத்துல நெடில் எழுத்து வர்ற மாதிரி பாத்துக்கோங்க, 'கல்'னு எழுதிட்டு அத நீட்டினா கேக்குறவனுக்கு 'கால்'னு தான் விழும். கோரஸ்ல வர்ற உச்ச நோட்டு தொண்டைக்கு எட்டலன்னா தயங்காம கிட்டார அரை ஸ்வரம் கீழ ட்யூன் பண்ணிடுங்க, கிட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, தொண்டை தான் முக்கியம்.

இதெல்லாம் ப்ராக்டிஸ் ரூம்லயே முடியணும், இத நான் அழுத்தி சொல்வேன். ஸ்டூடியோல மீட்டர் ஓடுறப்போ பிரிட்ஜ் (நடுவுல ஒரு தடவ மட்டும் மாறி வர்ற பகுதி) எத்தன பார்னு சண்டை போட்டா பாட்டும் போச்சு மனசும் போச்சு.

ரெக்கார்டிங்ல டெம்போ (வேகம்) முடிவு பண்ணி, காதுல டிக் டிக்னு தாளம் சொல்ற கிளிக் போட்டு, கிட்டாரும் குரலும் சும்மா வழிகாட்ட மட்டும் ஒரு கைட் ட்ராக் போட்டுக்கோங்க, அத கேட்டுட்டே ட்ரம்ஸ் முதல்ல. நேரத்துல பாதி ட்ரம்ஸுக்கே போகட்டும், பரவால்ல, ஏன்னா மேல வர்றது எல்லாம் அது மேல தான் நிக்கப் போகுது. ட்ரம்ஸுக்கு மேல தொங்குற 2 மைக்கும் ஸ்னேர்லேர்ந்து ஒரே தூரத்துல இருக்கான்னு ஒரு கயிறு வெச்சு அளந்துடுங்க, இல்லன்னா ஸ்னேர் சத்தம் ரெண்டு மைக்குக்கும் வேற வேற நேரத்துல போய் சேர்ந்து ஒல்லியா கேக்கும்.

பேஸ் கிட்டார ஆம்ப்ல (ஸ்பீக்கர் பெட்டில) மைக் வெச்சும், கேபிள்ல நேரடி லைன்லயும் ஒரே சமயத்துல எடுத்து வெச்சுக்கோங்க.

பாட்டு முழுக்க பின்னணில ஓடுற ரிதம் கிட்டார ரெண்டு தடவ தனித்தனியா வாசிச்சு ஒண்ண இடது பக்கம் ஒண்ண வலது பக்கம் வைங்க. ஒரே டேக்க (ஒரு தடவ வாசிச்ச பதிவ) காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டா அகலமே வராது, நடுவுல ஒரே கிட்டார் மாதிரி தான் கேக்கும், அந்த ரெண்டு வாசிப்புக்கும் நடுவுல இருக்குற சின்ன சின்ன வித்தியாசம் தான் அந்த பெரிய சத்தமே. டிஸ்டார்ஷன, அதான் கிட்டார் சத்தத்த கரகரப்பாக்குறத, ப்ராக்டிஸ்ல வெக்கிறத விட கொஞ்சம் கொறைங்க, ரெண்டு ட்ராக் சேரும்போது தானா கூடிடும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல ட்யூனிங் பாத்தே ஆகணும்.

குரல கடைசியா எடுங்க, மைக்கிலேர்ந்து ஒரு சாண் தள்ளி நின்னு, முழு பாட்டா 4, 5 தடவ பாட வெச்சு நல்ல வரிகள பொறுக்கி சேர்த்துக்கலாம். ஹெட்ஃபோன்ல அவங்க குரல் அவங்களுக்கே சரியா கேக்கலன்னா சுதி விலகும், அத முதல்ல சரி பண்ணுங்க.

எல்லா ட்ராக்கையும் அளவா சேர்க்குற மிக்ஸ அன்னிக்கே பண்ணாதீங்க, காது ஒரு நாள் ஓயட்டும். அப்புறம் ஃபோன் ஸ்பீக்கர்லயும் போட்டு பாருங்க, பேஸ் காணாம போயிருந்தா வால்யூம ஏத்தாம அதுக்கு கொஞ்சமா டிஸ்டார்ஷன் போடுங்க, மேல் சத்தம் கொஞ்சம் கூடி அந்த சின்ன ஸ்பீக்கர்லயும் கேக்க ஆரம்பிச்சிடும்.