சேராத உணவு: ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்கும் இடங்கள்

எந்த உணவு சேரவில்லை என்று பார்க்கும் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக மறந்தது மாதிரியான சறுக்கல்களை விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

ஐஜிஜி பட்டியலை நம்புவது

பல உணவுகளுக்கு எதிராக ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளந்து, அதிகமானதைச் சிவப்பில் காட்டும் ரிப்போர்ட் இது. அதில் ஐஜிஜி4 என்ற வகை பெரும்பாலும் சொல்வது, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான். தினமும் பாலும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு அவையே சிவப்புக் கட்டத்தில் வந்து நிற்கும். அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் மூன்றுமே இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்கின்றன.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. பட்டியலில் கோதுமை சிவப்பு. உடனே சப்பாத்தி, ரவை, பரோட்டா எல்லாம் நின்றுவிடும். வயிறும் கொஞ்சம் தேறும். நான்கைந்து மாதம் கழித்து யாரோ சொல்லி சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். நெகட்டிவ்!

அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் நிற்கும். நிறுத்தினால் சில மாதங்களில் இறங்கிவிடும். குடலும் ஆறத் தொடங்குவதால் குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் ஏமாற்றலாம். சரியாகப் பார்க்க வேண்டுமானால், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி சப்பாத்தி என்பது போதாது. தேறிய வயிற்றை மறுபடி கெடுத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? முதலிலேயே எடுத்திருந்தால் ஒரு ஊசிக்குத்தோடு போயிருக்கும்.

கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேளுங்கள். அது பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு நோய் இருந்தாலும் டிடிஜி-ஐஜிஏ நெகட்டிவாக வரும். அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஜி பார்ப்பது உண்டு. மேலே சொன்ன சிவப்புக் கட்டச் சமாசாரம் வேறு, இது வேறு.

மறுபடி கோதுமை சாப்பிடவே முடியாதவருக்கு எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை உதவும். சாப்பாட்டால் இது மாறாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. நோயில்லாத ஏராளமானவர்களுக்கும் அவை உண்டு.

மூச்சுப் பரிசோதனை பாசிட்டிவ் என்று பாலை அடியோடு விடுவது

அங்கே கொடுப்பது 25 கிராம் லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை. ஒரே மூச்சில் அரை லிட்டர் பால் குடித்த கணக்கு. பிறகு மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். ஆனால் சோதனையின்போது வயிறு உப்பியதா, வயிற்றுப்போக்கு வந்ததா என்றும் குறித்திருக்க வேண்டும். எண் மட்டும் ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று அர்த்தம், ஒத்துக்கொள்ளவில்லை என்று அல்ல. செரிக்காதவர்களிலும் பலருக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தொந்தரவில்லை. 100 மில்லி பால் விட்ட காபியில் இருப்பது 5 கிராம்தான். தயிர் இன்னும் சுலபம்.

முந்தைய 4 வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் நெகட்டிவையும் நம்ப வேண்டாம்.

ஐஜிஇ 0.35-ஐத் தாண்டியதும் பதறுவது

ஐஜிஇ என்பது ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம். ரிப்போர்ட்டில் 0.35-ஐத் தாண்டினால் பாசிட்டிவ் என்று வரும். சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவை அந்த எண்ணுக்காக மட்டும் நிறுத்தாதீர்கள். உதடு வீங்கியோ மூச்சு திணறியோ இருந்தால், எண் குறைவாக இருந்தாலும் வீட்டில் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.