‘நம்ம குடும்பம் மாதிரி’ கம்பெனியிலிருந்து நல்லபடியாக வெளியே வருவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருஷம், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேருகிறவரை பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராக இருந்தேன். சேர்ந்த அன்று முதலாளி சொன்னார்: "இங்க யாரும் ஸ்டாஃப் இல்லைம்மா, எல்லாம் நம்ம குடும்பம்." ஆறாவது வருஷம் அதே வாயால், முப்பது பேர் முன்னால், அவர் என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதே மாதிரி இடத்தில் இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன்.

இருப்பது உண்மையிலேயே கெட்ட இடமா என்று முதலில் பாருங்கள். கத்துவதை மட்டும் வைத்து முடிவு பண்ண வேண்டாம். ஷிப்மென்ட் வாரத்தில் கத்தாத முதலாளியை நான் திருப்பூரில் பார்த்ததில்லை. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியதும் அடங்கி, "எல்லாரும் சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறவர் வெறும் கோபக்காரர். அவரோடு காலம் தள்ளிவிடலாம். பார்க்க வேண்டியது வேறு: கெட்ட சேதியைக் கொண்டுவந்து சொல்கிறவனுக்கு அங்கே என்ன நடக்கிறது?

எங்களுக்கு ஒரு நேவி ப்ளூ ஆர்டர். சாயப்பட்டறையிலிருந்து வந்த இரண்டாவது லாட் துணி, பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், ஒப்புக்கொண்ட சாய மாதிரியான லேப் டிப்பைவிடக் கொஞ்சம் சிவப்படித்தது. கட்டிங் மாஸ்டர் மேசையில் விரித்தபோதே பார்த்துவிட்டார். ஆனால் முந்தின வாரம்தான், துணியில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற எடை) குறைகிறது என்று சொன்ன பையனை, "நீ என்ற கம்பெனிய மூடப் பாக்கறயா" என்று கேட்டு, ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை ஷிஃப்ட் முடிகிறவரை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்திருந்தார் முதலாளி. மாஸ்டர் பேசாமல் வெட்டினார். 4,000 பீஸ் தைத்துச் செக்கிங்குக்கு வந்தபோது உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். மறுபடி துணி போட்டு, கப்பலை விட்டு, விமானத்தில் அனுப்பினோம். ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் அதிலேயே போயிற்று.

அப்புறம் மாஸ்டரிடம் கேட்டேன், "ஏனுங்கண்ணா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே திட்டு வாங்கியிருப்பேன் அம்மணி. சொல்லாததுனால பத்து நாள் கழிச்சு வாங்கினேன். பத்து நாள் நிம்மதியா சோறு தின்னனல்ல?"

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு பதில் காதில் விழுந்தால் கிளம்ப ஆயத்தமாகுங்கள். நாளைக்கே இல்லை. எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

அந்த ஒன்பது மாதத்தில் என்னைக் காப்பாற்றியது ஒரு நோட்டு. எங்கப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். சொசைட்டிக்காரர்கள் அட்டையில் எழுதியது போக, காலையில் இத்தனை லிட்டர், சாயங்காலம் இத்தனை என்று தனியாக ஒரு நோட்டிலும் எழுதுவார். கால் லிட்டர் பாலுக்குக் கணக்கு வைக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, நான் ஐந்து வருஷம் எதையும் எழுதாமல் வேலை பார்த்திருக்கிறேன். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றது யார்: இவ்வளவு போதும். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தால் உங்களுக்கே சந்தேகம் வரும். என்ன பேசினார் என்பதை எழுதுங்கள். நோட்டு வீட்டில் இருக்கட்டும், ஆபீஸ் டிராயரில் வேண்டாம்.

வாய்மொழி உத்தரவுதான் பெரிய பொறி. "அப்ரூவல் வர்றப்ப வரட்டும், கட்டிங் போடு" என்பார். பையர் நஷ்டத்தை நம் தலையில் கட்டி டெபிட் நோட் போட்டால், "யார் போடச் சொன்னது?" என்பவரும் அவரே. எதிர்த்துப் பேசாதீர்கள், சரிங்க சார் என்று சொல்லிவிட்டு இருக்கைக்கு வந்து ஒரு மெயில் போடுங்கள்: "சார், இன்று காலை 11 மணிக்குப் பேசியபடி, சாம்பிள் அப்ரூவலுக்குக் காத்திராமல் கட்டிங் தொடங்குகிறோம். மாற்றம் இருந்தால் 12 மணிக்குள் தெரிவிக்கவும்." குத்தல் கூடாது. நான் முதல் தடவை "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்கிற தொனியில் அனுப்பி, அதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். இன்னொன்று: பையர் ஃபைல்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள்தான் தகவல் திருடியதாகக் கதை மாறும்.

அடுத்தது காசு. பிஎஃபுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். பிடித்தது போய்ச் சேர்கிறதா? யுஏஎன்னில் (உங்கள் பிஎஃபுக்கான நிரந்தர எண்) பதிந்திருக்கும் உங்கள் செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கு விவரம் மெசேஜில் வரும். உமங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். நான் முதன்முதலாகப் பார்த்தபோது மூன்று மாதம் வெற்றாக இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் பிடித்திருந்தார்கள். அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் சத்தம் போடாமல் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அடுத்த மாதம் கட்டிவிட்டார்கள். சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கி வையுங்கள், போன பிறகு கேட்டால் கிடைக்காது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கையும் எந்தக் கம்பெனிக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், ராஜினாமாப் பேச்சை எடுப்பதற்கு முன்பே பாங்க் லோன், பாஸ்போர்ட் என்று ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி வாங்குங்கள். சின்னப் பொய்தான், பரவாயில்லை.

பெண்களிடம் கை நீளுகிற, ஆபாசமாகப் பேசுகிற இடம் என்றால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். 2013 சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழுவே இல்லை, அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வேலை வாங்கிக் கொடுத்தது மாமாவாக இருக்கும். மாமாவுக்கும் முதலாளிக்கும் கோயில் பழக்கம், சீட்டுப் பழக்கம், ஏதாவது ஒன்று. "உன்னால என்ற பேரு கெட்டுப்போச்சு" என்ற வார்த்தைக்குப் பயந்தே நான் இரண்டு வருஷம் அதிகமாக இருந்தேன். ராஜினாமாவுக்கு முன்பு மாமா வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். முதலாளியைக் குறை சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் பஞ்சாயத்துக்குக் கிளம்பிவிடுவார். "நீங்க சேர்த்துவிட்டீங்க, தொழில் கத்துக்கிட்டேன், இனி வேற இடம் பாக்கறனுங்க" என்று சொன்னால் மறுக்க அவரிடம் எதுவும் இருக்காது.

கிளம்பும் நாளைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வரட்டும். ஐந்து வருஷம் நெருங்குகிறதென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடியுங்கள்: நீங்களாக விலகினாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம் 20,800 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, வருஷத்துக்கு 12,000. ஆறு வருஷத்துக்கு 72,000. கோபத்தில் நாலரை வருஷத்தில் சாவியை வீசிவிட்டு வந்த தோழி ஒருத்தி இன்றும் அதைச் சொல்லிப் புலம்புகிறாள். ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள், காரணம் "சொந்தக் காரணம்". ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள். பிஎஃபில் விலகிய தேதியைப் போடாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே யுஏஎன் தளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த இடத்தை இன்டர்வியூவில் தெரிந்துகொள்ள முடியாது, அங்கே எல்லாரும் தேன். நான் இன்டர்வியூ முடிந்து வெளியே வந்து, கேட்டில் வண்டியை நிறுத்தி, வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏனுங்கண்ணா, இங்க மெர்ச்சண்டைசருங்க அடிக்கடி மாறுவாங்களா?"

அவர் பதிவு நோட்டை மூடிவிட்டு யோசித்தார். "நான் வந்து ஆறு வருசமாச்சுங்க அம்மணி. அதே நாலு பேருக்குத்தான் கேட்டைத் தொறந்துட்டிருக்கறன்."