பழைய டிராவல் டிரெய்லருக்கு 30 ஆம்ப் இணைப்பு
அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான பழைய டிராவல் டிரெய்லரின் 15 ஆம்ப் இணைப்பை 30 ஆம்ப்புக்கு மாற்றப் போகிறீர்களா? வெளிப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. அங்கிருந்து பிரேக்கர் பெட்டி வரை 10 கேஜ் (அமெரிக்க AWG தடிமன் அளவு) செப்பு ஒயர் வேண்டும், பெட்டியில் 30 ஆம்ப் மெயின் பிரேக்கரும் வேண்டும். பழைய மெல்லிய ஒயரை அப்படியே விட்டால் சுவருக்குள் சூடேறுவது வெளியே தெரியாது.

பலர் கோட்டைவிடுவது நியூட்ரலில்தான். அமெரிக்க வீடுகளின் மெயின் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கும். டிரெய்லர் பெட்டியில் அப்படிச் சேர்க்கவே கூடாது. எர்த் மட்டும் சேஸிஸோடு, அதாவது டிரெய்லரின் உலோகச் சட்டத்தோடு, இணைய வேண்டும். இல்லையென்றால் அலுமினிய உடம்பைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

அப்புறம், அமெரிக்காவில் 30 ஆம்ப் டிரெய்லர் சாக்கெட் 120 வோல்ட்தான். துணி உலர்த்தும் மெஷினின் சாக்கெட் என்று நினைத்து எலக்ட்ரீஷியன்களே சிலசமயம் 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்.