நொசாவா ஓன்சென்: ஜப்பானிய மலைக் கிராமத்தில் முதல் வெந்நீர்க் குளியல்

பூமிக்கு அடியிலிருந்து சூடாக வரும் ஊற்று நீருக்கு ஜப்பானில் ஓன்சென் என்று பெயர். 1948இல் வந்த சட்டப்படி, ஊற்றுக்கண்ணிலேயே 25 டிகிரியாவது சூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊற்றுகள் உள்ள ஊர்கள் அந்த நாட்டு மலைகளில் நிறைய உண்டு. முதல் முறை போகிற யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே ஊரைத்தான்: நாகானோ மாகாணத்தின் வடக்கு மலைச்சரிவில் இருக்கும் நொசாவா ஓன்சென்.

அங்கே 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. சோதொயு என்பார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் ஆளும் கிடையாது. அந்த வட்டாரத்து வீட்டார் யுநகாமா என்ற குழுவாகச் சேர்ந்து முறை வைத்துக் கழுவுகிறார்கள். மின்சாரச் செலவையும் அவர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். அதாவது நாம் நுழைவது ஒரு தெருவின் குளியலறைக்குள். ‘வாருங்கள், நீங்களும் குளியுங்கள்’ என்று ஊரே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதல் படி: எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பனிச்சறுக்குக்கு வருபவர்களால் ஊர் நிரம்பி வழியும். பனி பார்க்கும் ஆசை இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிடுங்கள். ஜனவரி 15 அன்று இரவு தோசோஜின் என்ற தீத்திருவிழா நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது மிகவும் கடினம்.

எனக்குப் பிடித்தது அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும். மலை முழுக்க இலைகள் சிவந்திருக்கும், கூட்டமும் குறைவு. அந்தச் சமயத்தில்தான் நொசாவானா என்ற கீரையை அறுவடை செய்து, ஊறுகாய் போடுவதற்காகச் சில சோதொயுக்களில் வைத்து அலசுவார்கள். குளிக்கிற இடத்தில் கீரை அலசுகிறார்களா என்று தோன்றும். ஊற்று நீர் அவர்களுக்குச் சமையலறையும்தான்.

இரண்டாம் படி: தங்குமிடமும் சாப்பாடும்

தங்க இரண்டு வகை இடங்கள் உண்டு. ரியோகான் என்பது பழைய பாணி விடுதி; பல வகை உணவு பரிமாறும் நீண்ட இரவு விருந்தும் சேர்த்தே வாடகை. மின்ஷுகு என்பது ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்துவது. எளிமையானது, விலையும் குறைவு.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில் எடுப்பது. மீசோ சூப், வேகவைத்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் செய்து தருவார்கள், முழு நல்லெண்ணத்துடன். அதனால் அறை பிடிக்கும்போதே இப்படி எழுதிக் கேளுங்கள்: ‘நிகு மோ, சகானா மோ, தாஷி மோ தபேராரேமசென்.’ இறைச்சி, மீன், தாஷி மூன்றும் சாப்பிட முடியாது என்று பொருள். முடியாது என்று பதில் வந்தால் வருந்த வேண்டாம். சுதோமரி, அதாவது உணவில்லாமல் அறை மட்டும் என்று எடுத்துக்கொண்டு, ரொட்டியும் பழமும் கையில் கொண்டு போகலாம்.

பச்சை குத்தியிருப்பவர்கள் அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். யாகுசா கும்பல்களின் அடையாளமாக அது பார்க்கப்பட்டதால் இன்றும் பல குளியல் இடங்களில் அனுமதிப்பதில்லை. மற்றவர்கள் முன் உடையில்லாமல் குளிப்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது என்றால், காஷிகிரி எனப்படும் தனிக் குளியலறை உள்ள விடுதியைத் தேடுங்கள். தம்பதியும் குழந்தைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கலாம். முதல் நாள் அங்கே பழகிவிட்டு மறுநாள் சோதொயுவுக்குப் போவது நல்ல வழி.

மூன்றாம் படி: போய்ச் சேர்வது

டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷிங்கன்சென் ரயிலில் ஈயாமா நிலையம்; இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹகுதகா என்ற வண்டியில் ஏறுங்கள், அது ஈயாமாவில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ககயாகி என்ற வண்டி அங்கே நிற்காது. நிலைய வாசலிலிருந்து நொசாவா ஓன்சென் லைனர் பேருந்து சுமார் 25 நிமிடத்தில் ஊரில் விட்டுவிடும். தெருக்கள் செங்குத்தானவை. பெரிய பெட்டியை தக்யூபின் என்ற கூரியர் சேவையில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, தோள்பையோடு போனால் நிம்மதி. கையில் 100 யென் நாணயங்கள் கொஞ்சம் இருக்கட்டும்.

நான்காம் படி: யுகாதா

விடுதியில் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பாய் விரித்த அறைக்குள் உள்செருப்பும் கூடாது. அறையில் யுகாதா என்ற பருத்தி அங்கி மடித்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டே ஊரைச் சுற்றலாம். ஒன்றே ஒன்று: இடது பக்கம் மேலே வருமாறு சுற்ற வேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி ஒன்றுதான்.

வெள்ளி நகைகளைக் கழற்றி அறையில் வையுங்கள். நீரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுத்துவிடும். தெருவெங்கும் வரும் அவித்த முட்டை வாடையும் அதனால்தான்.

ஐந்தாம் படி: குளியல்

மாலை ஐந்து மணிக்கு மேல் ஊர்க்காரர்கள் வேலை முடிந்து குளிக்க வருவார்கள். முதல் தடவைக்குப் பிற்பகல் நேரம் நல்லது. ஊர் நடுவில் இருக்கும் ஓயு என்ற மரக்கட்டடம்தான் எல்லோரும் படம் எடுப்பது. அழகானது, ஆனால் நீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். குமனோதெ அராயு என்ற குளியலறையில் சூடு குறைவு. அங்கிருந்து தொடங்கச் சொல்வேன். காயம்பட்ட கரடி ஒன்று அந்த ஊற்றைக் காட்டிக்கொடுத்ததாக ஊரில் கதை.

வாசலில் ஆண், பெண் என இரண்டு கதவுகள். எழுத்து தெரியாதவர்களுக்கு ஓர் அடையாளம்: நான்காகப் பிரித்த வயல்போல மேலே ஒரு சதுரக் கட்டம் இருந்தால் ஆண்கள் பக்கம். கட்டமே இல்லாத எழுத்து பெண்கள் பக்கம். விடுதிக் குளியலறைகளில் இரவும் காலையும் பக்கத்தை மாற்றி வைப்பதுண்டு. நேற்று போன கதவுதானே என்று நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே போனதும் ‘கொன்னிச்சிவா’ சொல்லுங்கள். இருட்டிவிட்டால் ‘கொன்பன்வா’. பல சோதொயுக்களில் உடை மாற்றத் தனி அறை இல்லை; தொட்டி இருக்கும் அதே அறையின் சுவரில் தட்டுகள் இருக்கும். உடைகளை அங்கே வையுங்கள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நீச்சலுடை கூடாது. கையில் ஒரு சிறு துண்டு மட்டும். நீண்ட கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்ளுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம். தொட்டிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, வாளியில் நீர் மொண்டு, பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி உடம்பில் ஊற்றிக் கழுவுங்கள். அழுக்கும் வியர்வையும் போக வேண்டும். உடம்பும் சூட்டுக்குப் பழக வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் தொட்டியில் கால் வைக்க மாட்டார்கள். விடுதியில் என்றால் குழாய் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டே இறங்க வேண்டும். நாம் சுத்தமாவது வெளியே, தொட்டி ஊறுவதற்கு. சோப்பு நுரை ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. துண்டும் நீரில் படக்கூடாது, தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக இறங்குங்கள். 42 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். இறங்கியதும் அசையாமல் இருங்கள். அசைந்தால்தான் அதிகம் சுடும். தாங்கவே முடியவில்லை என்றால் பக்கத்திலிருப்பவரிடம் ‘உமேதே மோ ஈ தெசு கா?’ என்று கேளுங்கள். தண்ணீர் கலக்கட்டுமா என்று அர்த்தம். அவர் தலையசைத்தபின் குழாயைத் திறந்து, கொஞ்சம் தணிந்ததும் மூடிவிட வேண்டும். கேட்காமல் திறந்து விடுவதும், திறந்ததை மறந்து போவதும்தான் ஊர்க்காரர்களை உண்மையிலேயே வருத்தும். அவர்கள் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருவது அந்தச் சூட்டுக்காகத்தானே!

மூன்று நான்கு நிமிடம் போதும். எழுந்து விளிம்பில் உட்கார்ந்து ஆறியபின் இன்னொரு முறை இறங்கலாம். தலை லேசாகச் சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கேமராவையும் கைபேசியையும் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: குளித்த பிறகு

சிறு துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டே உடைத் தட்டுப் பக்கம் வாருங்கள். அங்கே தரை ஈரமாகக் கூடாது. நிறையத் தண்ணீர் குடியுங்கள். அப்புறம் மேட்டில் இருக்கும் ஓகாமாவைப் பார்க்கப் போகலாம். ஏறக்குறைய 90 டிகிரியில் கொப்பளிக்கும் ஊற்று. ஊர்ப் பெண்கள் கீரையும் முட்டையும் வேகவைப்பது அதில்தான். உள்ளே போக ஊராருக்கு மட்டுமே அனுமதி, நாம் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும்.

ஒரு நாளில் 13 குளியலறையையும் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், உடம்பு தாங்காது. முதல் நாள் இரண்டு, மறுநாள் விடியலில் ஒன்று என்று வையுங்கள். விடியற்காலை ஆவியில் எதிரே இருப்பவர் முகம்கூடத் தெரியாது. நீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

கிளம்பும்போது வாசலில் இருக்கும் காணிக்கைப் பெட்டியில் நாணயம் போடுங்கள். மருத்துவ புத்தரான யகுஷியும் அவருடைய 12 தளபதிகளும் இந்தக் குளியலறைகளைக் காப்பதாக ஊரார் நம்புகிறார்கள். அந்தப் பணம் பராமரிப்புக்குப் போகிறது. கதவை இழுத்து மூடும் முன், உள்ளே இன்னும் ஊறிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்து ‘ஓசகி நி’ என்று சொல்லுங்கள். நான் முன்னால் கிளம்புகிறேன் என்று அர்த்தம்.