வன்முறை நிகழும் வீட்டுத் தம்பதியருக்கு ஆலோசனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தம்பதியரை முதல் நாளே அருகருகே உட்கார வைத்து, "வீட்டில் கைநீட்டுவது உண்டா?" என்று கேட்பதுதான் உளவள ஆலோசகர்கள் செய்யும் முதல் தவறு, பிற்பாடு நேரும் பிழைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. கேள்வி மனைவியை நோக்கிப் போகிறது, அவர் வாய் திறக்குமுன் கண் கணவர் பக்கம் திரும்புகிறது, "சின்னச் சின்னச் சண்டைதான், எந்த வீட்டில் இல்லை?" என்று பதில் அங்கிருந்து வந்துவிடுகிறது. மனைவி தலையசைக்கிறார். குறிப்பேட்டில் 'கருத்து வேறுபாடு' என்று பதிவாகிறது. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றிரவே அதற்கும் சேர்த்து அடி விழுந்திருக்கும். வரும் தம்பதியர் எவராயினும் இருவரையும் தனித்தனியே சந்திப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், யாரோ புகார் சொன்னதால்தான் பிரித்துக் கேட்கிறார்கள் என்ற ஐயத்துக்கு இடமிராது.

இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்ற பழமொழி மற்றப் பிணக்குகளில் உதவலாம். இங்கே அது அடி வாங்கியவர் மீதே பாதிப் பழியைச் சுமத்திவிடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல், சண்டை முற்றி வெடிக்கும் வன்முறையையும், பணம், போக்குவரத்து, நட்பு என அனைத்தையும் பிடியில் வைத்து அச்சுறுத்தும் வன்முறையையும் பிரித்துக் காட்டினார். முதல் வகையில், இருவரும் மனமார விரும்பி, அச்சமின்றிப் பேச முடிந்தால், கூட்டு ஆலோசனையைக் கவனத்துடன் முயலலாம். இரண்டாம் வகையில் அது ஆபத்து. அங்கே கோபத்தை அடக்கும் பயிற்சியும் பெரிதாகப் பயன்படாது. மேலதிகாரியிடம் எவ்வளவு கோபம் வந்தாலும் கைநீட்டாத ஒருவருக்கு அடக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"இவ்வளவு பட்டும் ஏன் இன்னும் கூடவே இருக்கிறீர்கள்?" என்று கேட்பதும் தவறு, உடனே வெளியேறச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. பிரிய முற்படும் நாட்களும் பிரிந்த முதல் சில மாதங்களுமே உயிருக்கு மிகுந்த ஆபத்தானவை. கழுத்தை நெரித்ததுண்டா என்பதைத் தனியே, நேரடியாகக் கேட்க வேண்டும். காயம் வெளியே தெரியாவிட்டாலும், பின்னாளில் கொலையில் முடியக்கூடும் என்பதற்கான மிக வலுவான அறிகுறிகளுள் அது ஒன்று. கணவர் அழுது மன்னிப்புக் கேட்டு, பரிசு வாங்கித் தந்து, வீடு அமைதியாக இருக்கும் வாரங்களைச் சிகிச்சையின் வெற்றி என்று நம்பிவிடும் அனுபவசாலிகளும் உண்டு. அடிக்கும் அடிக்கும் இடையில் அப்படியோர் இடைவெளி வருவதை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லேயே எழுதிவிட்டார்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: எங்கே போவது, யாரை அழைப்பது என்ற பாதுகாப்புத் திட்டத்தை அழகாக அச்சிட்டுக் கொடுத்தனுப்புவது. கைப்பையைத் துழாவும் கணவரின் கையில் முதலில் சிக்குவது அந்தத் தாள்தான்.