கன்னியா பக்கம் கிரவல் ரோட்டுல சைக்கிள் ஓடுறவங்களுக்கு

கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் பாக்கப் போற திருகோணமலை ஆக்கள் அனுராதபுரம் ரோட்டால போய் அப்பிடியே திரும்பி வந்திருவாங்க, ஆனா சைக்கிள் இருந்தா அந்தப் பக்கத்து மலையடிவாரக் கிரவல் ரோட்டுலயும் ஒருக்கா ஓடிப் பாருங்க.

முக்கியமா டயருக்குக் காத்த கல்லு மாதிரி அடிச்சிட்டுப் போகாதீங்க. நான் முதல்ல அப்பிடித்தான் போனன், குறுணிக்கல்லுல சைக்கிள் துள்ளித் துள்ளி ரெண்டு கையும் மரத்துப் போச்சு. இப்ப 40 மில்லிமீட்டர் அகல டயருக்குக் காத்தழுத்தம் 35, 40 பிஎஸ்ஐதான் (பம்புல இருக்கிற அளவு), பெருவிரலால அமத்தினா கொஞ்சம் உள்ள போகணும். அதுக்காக ரொம்ப இறக்கினா கல்லு விளிம்புல ரியூப் நசிஞ்சு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், ஒட்டுறதுக்குள்ள சீவன் போயிரும்.

இறக்கத்துல முன் பிரேக்க மட்டும் இறுக்கினீங்களோ கதை முடிஞ்சுது, ரெண்டையும் சேத்து மெதுவாப் பிடிச்சு, சீட்ட விட்டுக் கொஞ்சம் எழும்பி பின்னால சாஞ்சு இறங்குங்க.

விடியக்காலமையும் பொழுதுபடுற நேரமும் யானைப் பயம், அதால ஏழு மணிக்கு வெளிக்கிட்டு பத்துக்குள்ள திரும்பிருங்க. மாரியில ரோட்டை வெள்ளம் அரிச்சிருக்கும், நவம்பர் டிசம்பர்ல போகவே வேணாம். தண்ணி ரெண்டு போத்தல். வந்த உடன செயினத் துடைங்க, செம்புழுதி எண்ணெயோட சேந்தா செயின் ஓடுற சக்கரப் பல்ல அரைச்செடுத்திரும்.