பீரோவில் கிடக்கும் ராடோ, ஒமேகா, ரோலெக்ஸ்: உள்ளூரிலேயே விற்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் துபாயிலிருந்து வந்த நல்ல வாட்ச் ஒன்று பீரோவில் சும்மா கிடக்கும் வீடுகள் நிறைய. கடைக்காரரிடம் கொடுத்தால் அவருடைய லாபம் போக மிச்சம்தான் கைக்கு வரும். நேராக விற்றால் கூடக் கிடைக்கும். ஆனால் இந்தக் கரையில் வாங்க வருபவருக்கு இரண்டு சந்தேகம் இருக்கும்: "ஃபர்ஸ்ட் காப்பியா?", "உப்புக்காத்து உள்ளே இறங்கியிருக்குமோ?" இரண்டுக்கும் அவர் கண்ணெதிரே பதில் காட்டுவதுதான் விற்பனையில் முக்கால் வேலை.

படி 1: வாட்சின் உடம்பைப் பாருங்கள்

பேட்டரி வாட்ச் என்றால் தீர்ந்த பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து மெஷினை அரித்துவிடும். பீரோவில் வைத்த வாட்ச் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஓடும் வாட்சில் நொடிமுள் நான்கு நொடிக்கு ஒருமுறை குதித்தால் பேட்டரி முடியப்போகிறது என்று அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்) என்றால் பக்கவாட்டுத் திருகை 30, 40 சுற்று சுற்றி முழுச் சாவி கொடுத்து, மெஷினின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். டயல் மேலே பார்க்க வைத்து அளக்கும்போது ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு) 270 டிகிரிக்கு மேல் இருந்தால் மெஷின் ஆரோக்கியம். 220க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் தேவை. திடீரென்று வேகமாக ஓடுகிறதா? காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த பை போதும் அதற்கு. காந்தம் இறக்குவது சில நிமிட வேலைதான், சர்வீஸ் என்று பயந்து விலையைக் குறைத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஈரம். கடையில் வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு குளிர்ந்த நீர் விடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஈரம் இருக்கிறது. பின்மூடியைத் திறந்து காயவைத்து, ரப்பர் வளையத்தை மாற்றாமல் விற்கக் கூடாது. முடிந்தால் இந்தச் சோதனையையே வாங்குபவர் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

செயின் கண்ணிகளுக்குள் வியர்வையும் உப்பும் இறுகி, கண்ணிகளைக் கோக்கும் கம்பி (பின்) அரித்துப்போகும். ஒருநாள் கையிலிருந்து கழன்று விழுவது அதனால்தான். செயினை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். தோல் வாரில் தண்ணீர் படக் கூடாது.

பாலிஷ் மட்டும் போடவே போடாதீர்கள். கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். விவரம் தெரிந்தவர் கீறலை மன்னிப்பார், மழுங்கலை மன்னிக்க மாட்டார்.

படி 2: அசல் என்பதற்கு ஆதாரம்

பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றினால் 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும், 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் தெரியும். புதியவற்றில் சீரியல் எண் கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றிய வளையத்தில் இருக்கும். அது வாரண்டி கார்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். தேதிக்கு மேலுள்ள லென்ஸ் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும்; போலிகளில் பல இங்கேயே சறுக்கும்.

பழைய ராடோ ஆட்டோமேட்டிக் என்றால் டயலில் உள்ள நங்கூரம், வாட்சைச் சாய்க்கும்போது தானாகச் சுழல வேண்டும். செராமிக் ராடோவில் கீறல் எளிதில் விழாது, தேடிப் பயனில்லை. கீழே விழுந்து விளிம்பு தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி, கார்டு, பில், கழற்றி வைத்த கண்ணிகள், வரி கட்டியிருந்தால் சுங்க ரசீது எல்லாவற்றையும் ஒன்றுசேருங்கள். பில் இல்லையென்றால், சீரியல் எண் எழுதிய அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் பில் நல்ல மாற்று.

படி 3: விலையும் படமும்

இணையத்தில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை, விற்றுப்போன விலை அல்ல. அதோடு நம் பக்கத்து ஆள் சென்னை ஷோரூம் விலையைப் பார்க்க மாட்டார். துபாய் விலையை மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் வருவார். நீங்களும் அதிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். ரோலெக்ஸ் ஸ்டீல் மாடல்கள் விலை நிற்கும். ராடோ, லான்ஜின்ஸ், டிஸ்ஸாட் அப்படி நிற்பதில்லை.

படம் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுங்கள். கடற்கரை மணலில் வைத்து எடுப்பது அழகுதான், ஆனால் ஒரு மணல் துகள் போதும் திருகைக் கெடுக்க. பொதுவில் போடும் படத்தில் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள். போலி செய்பவர்களுக்கு அசல் எண் வேண்டியிருக்கிறது.

படி 4: பணம்

வங்கிக் கிளையில், வேலை நேரத்தில் சந்தியுங்கள். வீட்டு முகவரி கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ரொக்கத்தை வாங்கிய உங்களுக்கே அதே தொகை அபராதமாக வரலாம். பல நாளாகப் பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். யுபிஐயில் சாதாரணமாக நாளுக்கு 1 லட்சம்தான் போகும், 2 லட்சத்திலிருந்து ஆர்டிஜிஎஸ் (வங்கி வழியாகப் பெரிய தொகை அனுப்பும் முறை) செய்யலாம். காசோலை என்றால், பணம் கணக்கில் சேர்ந்த பிறகே வாட்ச்.

பணம், வாட்சை வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். "கூட்டாளி அனுப்புவார்" என்றால் வேண்டாம். அது மோசடிப் பணமாக இருந்தால் சைபர் புகாரில் முடங்குவது உங்கள் கணக்கு. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் இருப்பைப் பாருங்கள். பணம் பெற பின் நம்பர் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: ரசீது

இருவர் பெயர், முகவரி, மாடல் எண், சீரியல் எண், கூடக் கொடுத்த பொருட்கள், தொகை, பரிவர்த்தனை எண், தேதி எழுதி இரண்டு பிரதி எடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். "தண்ணீர் புகாது என்ற உத்தரவாதம் இல்லை" என்ற ஒரு வரியும் சேருங்கள், இல்லையென்றால் கடலில் குளித்துவிட்டு உங்களைத் தேடி வருவார்.

ஆட்டோமேட்டிக்கைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியைத் திருகி மாற்றக் கூடாது; கழற்றி வைத்தால், மாடலைப் பொறுத்து, 40 மணி நேரத்திலேயே நின்றுவிடலாம். இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாள் "ஓடலையே" என்று போன் வரும்.